படியெடுத்தலும் கள்ளாமையும்

சுருத பஞ்சமிச் சிந்தனை

அருகப் பெருமான் திருவடி போற்றி.



சுருத பஞ்சமித் திருநாளை நாம் கொண்டாடுவதன் காரணம் யாவரும் அறிந்ததே. கிர்நார் மலையின் சந்திரகுகையில் உறைந்த தரசேனாசாரியார், செவிவழியாக வழங்கிவந்த ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவலையுற்றார். தென்னாட்டு முனிவர் சங்கத்திற்குச் செய்தி விடுத்தார். அங்கிருந்து வந்த புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்கட்கும் தாம் அறிந்ததை ஓதுவித்தார். அவ்விருவரும் இயற்றிய ஷட்கண்டாகமம் ஏட்டில் ஏறி நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமி. ஒரு நூல் எழுதி முடிக்கப்பெற்ற நாளைத் திருநாளாகக் கொண்டாடும் பேறு நம் சமயத்திற்கு வாய்த்துள்ளது.

எழுதிய ஏடு தானே நெடுங்காலம் வாழாது. செல்லும் ஈரமும் ஓலையை அழித்துவிடும். ஆதலால் ஓலை நைவதற்கு முன்னே மறுபடி எழுதுவதை நம் முன்னோர் ஓர் அறமாகவே வகுத்தனர். உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சிராவகி, பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினாள். 'தான சிந்தாமணி' என்று அவளை உலகம் போற்றியது.

அன்று ஆயிரம் படிகளுக்கு எத்துணை எழுத்தர், எத்துணை ஓலை, எத்துணைப் பொருள் வேண்டியிருந்திருக்கும்! இன்றோ கைப்பேசியில் விரல்பட்ட மாத்திரத்தில் ஆயிரம் வீடுகளுக்கு ஒரு நூல் சென்று சேர்கிறது. ஓர் அறிஞர் பல்லாண்டுகள் உழைத்து எழுதி, கடன்பட்டு அச்சிட்ட நூலை ஒருவர் ஒளிவருடி இணையத்தில் இடுகிறார். அதனைச் சாத்திர தானம் என்றே அவர் கருதுகிறார். நூலாசிரியரோ விற்காத படிகளை வீட்டில் அடுக்கிவைத்துக்கொண்டு, தம்முடையது களவு போயிற்று என்று வருந்துகிறார். செயல் என்னவோ அத்திமப்பை செய்த செயலே. அது தானமாவது எப்பொழுது? களவாவது எப்பொழுது? பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் இக்கேள்விக்கு நாம் விடைகூற வேண்டும். விடை நம் நூல்களிலேயே இருக்கிறது.

திறந்த தெருவும் அடைத்த கதவும்

கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளுதலே களவு என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். அதற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரைகண்ட பூஜ்யபாதர் இங்கே ஒரு தடையை எழுப்பி, விடையும் தருகிறார். பிச்சைக்குச் செல்லும் முனிவர் ஊர்த் தெருக்களிலும் வாயில்களிலும் புகுகிறார். அவற்றை ஒருவரும் அவருக்குக் 'கொடுத்தேன்' என்று கூறியதில்லை. எனில் அவர் செய்ததும் களவு ஆகுமோ? ஆகாது என்கிறார் உரையாசிரியர். தெரு எல்லாருக்கும் பொதுவாக விடப்பட்டது. அம்முனிவரே அடைத்த கதவைத் திறந்து உட்புகுவதில்லை. அது பொதுவாக விடப்படாதது.

இந்நாளைய பதிப்புரிமை வழக்குகள் பலவற்றிற்கு இச்சிறு விளக்கம் போதும். அறிவுலகிலும் தெருக்கள் உண்டு, கதவுகளும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பெற்றது. ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலுக்கு அவர் வாழ்நாளும், மறைந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் அது 50 ஆண்டாக இருந்தது. அக்காலம் கழிந்தபின் அந்நூல் தெருவாகிவிடுகிறது, யாரும் நடக்கலாம். நம் சமுதாயப் பேரறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார் 1960-இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்துகளுக்கு அக்காலம் 2020-ஆம் ஆண்டு முடிவோடு நிறைவுற்றது. 1936-இல் அவர் பதிப்பித்த நீலகேசியின் ஆராய்ச்சி முன்னுரையை இன்று நாம் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம், பிள்ளைகளுக்கு வழங்கலாம். அதில் களவு இல்லை. 'சமணமும் தமிழும்' என்னும் நூலை 1954-இல் நமக்குத் தந்த மயிலை சீனி. வேங்கடசாமியாரின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே அவையும் பொதுவழி.

உரிமைக்காலம் முடியாத நூலின் கதவும் முற்றும் அடைத்ததன்று. தனிப்பட்ட ஆராய்ச்சிக்காகவும், திறனாய்வுக்காகவும் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. கண்பார்வையற்றோர் முதலியோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கிக் கொடுக்க 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது. சாத்திர தானத்தின் நோக்கத்தோடு இத்திருத்தம் ஒத்துச்செல்வதை எண்ணி மகிழலாம். ஆனால் வாழும் ஆசிரியர் ஒருவரின் நூல் முழுவதையும் அவரைக் கேளாமல் பரப்புவது அடைத்த கதவைத் திறப்பதேயாகும். 'நல்ல நூல்தானே, நல்ல நோக்கந்தானே' என்னும் விடை இங்கே செல்லாது. நல்ல நோக்கமுடையார் முதலில் செய்யத்தக்கது கேட்பது. கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்தே தருவர்.

களவின் ஐந்து வழுக்கள்

கள்ளாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை ஆசாரியர் கூறியுள்ளார். களவு செய்யப் பிறரைத் தூண்டுதல், களவாடிய பொருளை ஏற்றல், அரசின் நெறிமுறையை மீறல், அளவையில் ஏமாற்றல், போலியை மெய்யென விற்றல் என்பன அவை. தானே திருடாதவனும் இவற்றால் வழுவுகிறான் என்பதே ஆசாரியர் நமக்குத் தரும் எச்சரிக்கை. 'நான் திருடவில்லை, வந்ததைப் பார்த்தேன், அனுப்பினேன்' என்று இன்று நாம் கூறும் சமாதானத்தை அவர் முன்னமே கேட்டிருந்தார் போலும்! திரையரங்கில் ஓடும் படத்தின் திருட்டுப்படியைப் பார்ப்பது இரண்டாவது வழு. அதன் முகவரியை நண்பர்க்கு அனுப்புவது முதல் வழு.

ஐந்தாவது வழுவைக் காஞ்சிமாநகரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. சினகாஞ்சி எனப்படும் நம் திருப்பருத்திக்குன்றம், பட்டுத்தறிகளின் ஒலி நிறைந்த காஞ்சியை அடுத்து, வேகவதிக் கரையருகே இருப்பது. (பட்டுநூலைக் குறித்த அகிம்சை வினா வேறு, அது தனியே சிந்திக்கத்தக்கது.) நெசவாளர் ஒருவர் புதிதாக ஒரு கரையையும் முந்தானையையும் வகுத்து, நாட்கணக்கில் தறியில் இருந்து நெய்கிறார். அச்சேலையின் படம் கைப்பேசி வழியே வேற்றூருக்குப் போகிறது. அங்கே விசைத்தறியில் அதே உரு மலிவான இழையில் இறங்கி, 'காஞ்சிபுரம்' என்னும் பெயரோடு விலைக்கு வருகிறது. இதனைத் தடுக்கவே சட்டங்கள் எழுந்தன. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி பதிவுசெய்த உருவிற்கு முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்க, வாங்குவோராகிய நம் நிலை என்ன? போலி என்று ஐயுற்றும் விலை குறைவு என்று வாங்குபவர் ஏழை நெசவாளியின் கூலியில் கைவைக்கிறார்.

இவ்வழுவிற்கு இப்பொழுது ஒரு புதிய முகமும் தோன்றியுள்ளது. செயற்கை நுண்ணறிவு என்னும் கணினிக் கருவி, சொன்னவுடன் ஒரு படத்தை வரைந்து தருகிறது. அதனைக் கொண்டு தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்றை ஆக்கி, இலாஞ்சனம் பிழைபட்டிருப்பதையும் பாராமல், 'பழங்கோயில் ஓவியம்' என்று பெயரிட்டுப் பரப்பினால் அதுவும் போலியை மெய்யென வழங்குதலே. இப்படம் இன்ன முறையில் ஆக்கப்பட்டது என்று ஒருவரி சேர்த்தால் அக்குற்றம் நீங்கும்.

பெயரை மறைத்தல்

களவினும் நுண்ணியதொரு குற்றத்தை நம் நூல்கள் கூறுகின்றன. ஞானாவரணீய கருமம் உயிரை வந்து பற்றுதற்குரிய காரணங்களுள் 'நிஹ்நவம்' என்பது ஒன்று. அறிவையும் அதனைத் தந்த ஆசிரியரையும் மறைத்தல் என்பது அதன் பொருள். அதற்கு மாறாக, யாரிடம் கற்றோமோ அவர் பெயரை மறையாது கூறுதல் ஞானாசாரத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. பொருள் கொடுத்து வாங்கிய நூலாயினும், ஆசிரியர் மகிழ்ந்து கொடுத்த பாடலாயினும், அவர் பெயரை நீக்கி வெளியிட்டால் இக்கருமத்திலிருந்து தப்ப இயலாது. சட்டமும் இதனைச் சற்றே உணர்ந்திருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பின்னரும், 'இது நான் எழுதியது' என்று கூறிக்கொள்ளும் உரிமையும், தம் பெயருக்கு இழுக்கு நேரும்படி நூலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் ஆசிரியர்க்கு உண்டு.

நம் திருப்பருத்திக்குன்றத் திருக்கோயிலே இதற்குச் சான்று. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88-இல் எடுப்பித்தவன் விசயநகரத் தண்டநாயகன் இருகப்பன். பேரரசின் அமைச்சன், சேனைத் தலைவன், பொருள் அவனுடையது, ஆட்களும் அவனுடையோர். ஆயினும் தன் ஆசிரியர் புஷ்பசேனரின் பணிப்பால் இதனைச் செய்ததாகவே அவன் கல்லில் வெட்டுவித்தான். அப்புஷ்பசேனர்க்கு ஆசிரியராக விளங்கியவர் மல்லிசேன வாமன முனிவர். மேருமந்தர புராணம் இயற்றியவரும் நீலகேசிக்கு உரைகண்டவரும் அவரே என்பர். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்குரு மரபை நாம் அறிந்திருப்பதற்கு, இருகப்பன் தன் ஆசிரியர் பெயரை மறைக்காததும் ஒரு காரணமன்றோ?

அதே மண்டபத்து விதானத்தில் விருஷப தேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளைக் காட்டும் வண்ண ஓவியங்கள் உள்ளன. 1934-இல் டி. என். இராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக இக்கோயில்களைப் பற்றி எழுதிய நூலால் அவற்றின் சிறப்பு உலகிற்குத் தெரிந்தது. ஓவியங்களைத் தீட்டிய கைகளின் பெயரை நாம் அறியோம். அப்பெயர் தெரிந்தால் எவ்வளவு மகிழ்வோம்! நம் கண்முன் வாழும் பாடகர், எழுத்தாளர், படமெடுப்போர் பெயரை வெட்டி நீக்கி அனுப்பும்போது, பின்வருவோரும் இவ்வாறே 'அறியோம்' என்று கூறும்படி செய்துவிடுகிறோம்.

மறுத்தலும் தடுத்தலும்

இதுவரை கூறியது ஒரு பக்கம். ஞானாவரணீயத்தின் காரணங்களுள் நிஹ்நவத்தை அடுத்து மாத்சரியம், அந்தராயம் என்பனவும் உள்ளன. தகுதியுடையார்க்கு அறிவைத் தர மனமின்மை மாத்சரியம். பிறர் அறிவு பெறுவதைத் தடுத்தல் அந்தராயம். கள்ளாமை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளிலும், தான் தங்கிய இடத்திற்கு வரும் பிறரைத் தடுக்காதிருத்தலும், ஒரே அறத்தாரோடு 'எனது, உனது' என்று வழக்காடாதிருத்தலும் கூறப்பட்டுள்ளன. களவாடாதே என்ற அதே விரதம், பிறர்க்குரிய வழியை மறிக்காதே என்றும் கூறுவது சிந்திக்கத்தக்கது.

சுருத பஞ்சமிக்குரிய ஷட்கண்டாகமமே இதற்கு நேர்ந்த பெருஞ்சோதனை. அதன் மீது வீரசேனாசாரியார் இயற்றிய தவளம் என்னும் பேருரையின் பனையோலைச் சுவடிகள், பழங்கன்னட எழுத்தில், துளுநாட்டு மூடபித்ரியில் நூற்றாண்டுக் கணக்காகப் பாதுகாக்கப்பட்டு வந்தன. யாத்திரிகர் கண்டு வணங்கலாம்; எடுத்துப் படிக்க இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடநாட்டுச் செல்வர் சிலரின் முயற்சியால் படியெடுக்கும் பணி தொடங்கிற்று. ஆயினும் எடுத்த படி வெளியே போகலாகாது என்பது ஏற்பாடு. படியெடுத்த பண்டிதர்களுள் ஒருவர் தமக்கென ஒரு படியை மறைவாக எழுதிவைத்தார். அது சகாரன்பூருக்குச் சென்றது. அங்கிருந்தும் மறைவாகவே படிகள் பரவின. அப்படிகளைக் கொண்டு பேராசிரியர் ஹீராலால் ஜைன் 1939-இல் முதல் தொகுதியை அச்சிட்டார். 1958-க்குள் 16 தொகுதிகள் வெளிவந்தன. இன்று உலகெங்கும் கற்கப்படும் ஆகமம் நமக்குக் கிடைத்த வரலாறு இது.

இதனை என்னென்பது? மறைவாகப் படியெடுத்தது விரத வழு என்பதில் ஐயமில்லை. நம்பிக் கொடுத்த ஏட்டை அவர் ஒளித்து எழுதினார். பயன் நன்றாயிற்று என்பதால் செயல் தூயதாகிவிடாது. ஆனால் அறிவு அழியலாகாது என்று அஞ்சிய தரசேனரின் நூலை அவர் வழிவந்தோரே பூட்டிவைத்தது எவ்வகை அறம்? காத்தவர்கள் அன்பினால் காத்தார்கள். அவர்கள் இல்லையேல் அச்சுவடிகளே இல்லை. இருப்பினும் காத்தல் மறுத்தலாக முற்றியபோது அங்கே அந்தராயம் புகுந்தது. பின்னாளில் மூடபித்ரியாரும் மனமிசைந்து, மூல ஏடுகளோடு ஒப்பிட்டுப் பிழைதிருத்த இடந்தந்தனர். அவ்விசைவு முன்னரே கிடைத்திருந்தால் ஒரு பண்டிதர் கள்வனாக நேர்ந்திராது. திறக்க வேண்டிய கதவைக் காலத்தே திறவாதவர், பிறர் களவிற்கும் ஓரளவு காரணராகிறார். இதனை நாம் அச்சத்தோடு மனத்தில் கொள்ளவேண்டும்.

கதவை முறையாகத் திறப்பது எவ்வாறு என்பதற்குத் தமிழகத்திலேயே நல்லதொரு சான்று உண்டு. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை பின்னர்த் திரைப்பட அதிபர் ஏ. வி. மெய்யப்பரிடம் வந்து சேர்ந்தது. 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமைப் பூசல் மூண்டது. நாட்டுக்காகப் பாடியவரின் பாட்டு நாட்டுக்கே உரியது என்று எழுத்தாளரும் பொதுமக்களும் வேண்டினர். மெய்யப்பர் பொருள் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு 1949-இல் உரிமையை ஏற்றது. கவிஞரின் குடும்பத்தார்க்கும் பொருள் வழங்கப்பெற்றது. பின்னர் அப்பாடல்கள் மக்களுக்கே பொதுவாயின. இங்கே ஒருவரும் எதனையும் பறிக்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள், குடும்பத்தையும் கைவிடவில்லை.

புதியது படைக்கும் உரிமை

பிறர் நூலைத் தொடலாகாது எனின் புதிய நூல் எங்ஙனம் பிறக்கும் என்று இளைஞர் கேட்கலாம். நம் இலக்கியமே அதற்கு விடை. சீவகன் கதையை வடமொழியிலும் பலர் பாடினர்; திருத்தக்கதேவரின் சிந்தாமணி அதனால் ஒளி குன்றவில்லை. இராமன் கதையை விமலசூரியும் இரவிசேனரும் நம் நெறிக்கேற்பப் புதிதாகப் பாடினர். கதை தெரு, அதில் ஒருவர் கட்டிய வீடு அவருடையது. சட்டமும் கருத்திற்குக் காப்புத் தருவதில்லை. அக்கருத்தை ஒருவர் வெளிப்படுத்திய சொல்லிற்கும் வடிவிற்குமே தருகிறது. ஆகவே தீர்த்தங்கரர் வரலாற்றை நாடகமாக்குக, இசையாக்குக, சிறுவர்க்குப் படக்கதையாக்குக. அதற்கு யாரையும் கேட்க வேண்டுவதில்லை. பிறர் எழுதிய வரிகளை, பிறர் அமைத்த மெட்டை, பிறர் எடுத்த படத்தை வேண்டுவோமாயின், கேட்டுப் பெயர்சுட்டிப் பெறுவோம். இவ்வரம்பு படைப்புச் சுதந்திரத்திற்குத் தளையாகாது.

நாம் செய்யத்தக்கன

சிறிய சமுதாயம் நம்முடையது. நம் நூல்கள் குறைந்த படிகளே அச்சாயின. பல மறுபதிப்புக் காணவில்லை. நம் இல்லங்களின் பழம்பெட்டிகளில் ஓலைச்சுவடிகளும், தாத்தா எழுதிய தோத்திரக் குறிப்பேடுகளும், உதிரும் அச்சுநூல்களும் கிடக்கின்றன. அவற்றைப் பூட்டி வைத்திருக்கும் ஒவ்வோர் இல்லமும் ஒரு சிறிய மூடபித்ரியே. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன், அதன் பொருளையும் மரபையும் கும்பகோணத்து நம் முன்னோர் அவருக்கு எடுத்துரைத்தனர்; வேற்றுச் சமயத்தார் என்று மறுக்கவில்லை. அவரும் அவ்வுதவியைத் தம் வரலாற்றில் மறவாமல் எழுதிவைத்தார். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டச்சிட்டு இணையத்தில் வழங்கினர். உழைத்தவர் பெயரும் நூல்தோறும் குறிக்கப்படுகிறது. இவை நாம் பின்பற்றத்தக்க வழிகள்.

ஆதலால் இச்சுருத பஞ்சமியில் நாம் சில உறுதிகளை மேற்கொள்வோம். இல்லத்திலுள்ள ஏட்டையும் பழநூலையும் ஒளிவருடச் செய்து, அறிஞர் பார்வைக்குத் தருவோம். நம் முன்னோர் எழுதிய நூலின் உரிமை நம்மிடம் இருப்பின், எல்லாரும் பயன்கொள்க என்று எழுத்தால் இசைவு தந்து வைப்போம். இசைவு எழுதப்படாத நூலை அச்சிட அஞ்சியே பலர் விட்டுவிடுகின்றனர். வாழும் ஆசிரியரின் நூலை விலைகொடுத்து வாங்குவோம். வாங்க இயலாதார்க்கு வாங்கிக் கொடுப்போம். அதுவே இந்நாளைய சாத்திர தானம். எதனைப் பிறர்க்கு அனுப்பினும் ஆக்கியவர் பெயரோடு அனுப்புவோம். பெயரறியாததை அறிந்தபின் அனுப்புவோம்.

கொடாததைக் கொள்ளாத கையும், கொடுக்கத்தக்கதை மறுக்காத மனமும் ஒருங்கே அமைந்தால் கள்ளாமை நிறைவுறும். ஞானாவரணம் நீங்கி நல்லறிவு பெருக அருகன் திருவருள் துணைநிற்க.

அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!